சின்ன லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாச்சு, வைஃபையைக் காணோம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பத்து மணி தாண்டியிருக்கும், பெரம்பூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான்.

"அண்ணா, லினக்ஸ் போட்டுட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வைஃபை மட்டும் காணோம்."

"என்ன லேப்டாப்டா?"

"11 இன்ச்ணா. வெள்ளைக் கலர்."

கலரை வைத்து டிரைவர் தேட முடியாது. சொல்லப்போனால் கம்பெனிப் பெயரையும் மாடலையும் சொல்லியிருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. ஒரே மாடலில் ஒரு பெட்டிக்குள் ஒரு வைஃபை சிப்பும் இன்னொரு பெட்டிக்குள் வேறொன்றும் இருப்பது விலை குறைந்த லேப்டாப்களில் சகஜம். லினக்ஸ் பார்ப்பது சிப்பின் எண்ணை மட்டும்தான். நாமும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்றைக்கு அவனுக்கு எழுத்தெழுத்தாகச் சொல்லித்தான் கட்டளைகளை அடிக்க வைத்தேன். இங்கேயும் போனில் சொல்வதுபோலவே சொல்கிறேன். டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சின்ன லேப்டாப்புக்கு ஏன் இந்தப் பாடு

பெரிய லேப்டாப்பில் வைஃபை வராவிட்டால் லேன் கேபிளைச் செருகிச் சமாளிக்கலாம். மெலிசான 11 இன்ச் பெட்டியில் அந்தத் துளையே இருக்காது. 2007இல் வந்த ஏசஸ் ஈ பிசி 701 வெறும் 7 இன்ச்தான், ஆனால் அதில்கூட லேன் துளை இருந்தது. அது விற்பனைக்கு வந்ததே லினக்ஸோடுதான். இப்போது எடையும் தடிமனும் குறைந்ததில் அந்த வசதி போய்விட்டது. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் வைஃபை கார்டிலும் மலிவானதைத்தான் போடுவார்கள்.

இன்னொரு காரணம் ஃபர்ம்வேர். டிரைவர் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கும் நிரல். ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள்ளேயே ஓட வேண்டிய நிரல். பெரும்பாலான வைஃபை சிப்கள் அதைத் தமக்குள் வைத்துக்கொள்வதில்லை. மெஷினை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் அந்தக் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் ஏற்றுகிறது. டிரைவர் திறந்த மூலமாக இருக்கும், ஃபர்ம்வேரோ கம்பெனி தரும் மூடிய கோப்பு. டெபியன் என்ற லினக்ஸ் வகையைத் தயாரிக்கும் கொள்கைக்காரர்கள் நெடுங்காலம் அதைத் தங்கள் நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து அதிகாரப்பூர்வ வட்டிலேயே ஃபர்ம்வேரும் வருகிறது. அதனால் யாராவது பழைய டெபியன் வட்டைக் கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன்னால்: பென்டிரைவில் ஒரு ஒத்திகை

இந்த ஒன்றைச் செய்துவிட்டால் பாதிப் பேருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளை ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அப்படி ஓட்டும்போது வைஃபை பட்டியல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உடனே நிறுவலுக்குப் பாயாதீர்கள். வீட்டு நெட்டில் இணைந்து இருபது நிமிடம் வீடியோ ஓட விடுங்கள். மூடியைச் சாத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, மறுபடி இணைகிறதா என்று பாருங்கள். ரூட்டர் இருக்கும் அறையை விட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பாருங்கள். ஏன் இவ்வளவு என்பது கீழே புரியும்.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? அந்தப் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். "அண்ணே, ஒரு தடவை இதுல பூட் பண்ணிப் பாத்துக்கட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முகத்தைச் சுளித்தாலும் பார்க்க விடுவார்கள். இணைந்து பார்க்க உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டே போதும். அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வீணாக அலையாதீர்கள்.

வைஃபை தெரியவில்லையா? சரி, அப்போது வேலையை ஆரம்பிப்போம்.

முதலில் ஒரு கயிறு: போன் வழியாக நெட்

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. இதிலிருந்து வெளியே வர உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும்.

போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். சில விநாடிகளில் லினக்ஸ் அதை லேன் கேபிள் செருகியதாகவே நினைத்துக்கொண்டு இணைந்துவிடும். இதற்குத் தனி டிரைவர் எதுவும் தேட வேண்டாம், கெர்னலிலேயே இருக்கிறது.

இதில் இரண்டு விஷயம். டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான் காரணம். ரயிலில் இருபது ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் சார்ஜ் மட்டும்தான் போகும், டேட்டா போகாது. அடுத்தது, பெரும்பாலான போன்கள் தாங்கள் இணைந்திருக்கும் வீட்டு வைஃபையையே யுஎஸ்பி வழியாகத் தந்துவிடும். ஆகவே போனை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு டெதரிங் செய்தால் அன்றைய டேட்டா பேக் மிஞ்சும்.

சிப்பின் எண்ணைக் கண்டுபிடிப்பது

டெர்மினலைத் திறந்து அடியுங்கள்: எல்-எஸ்-பி-சி-ஐ, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஒட்டி என்-என்-கே. எண்டர்.

நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரிதான் உங்களுக்கு வேண்டியது. ஈதர்நெட் கன்ட்ரோலர் என்று வருவது லேன், அதை விடுங்கள். அந்த வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் முக்காற்புள்ளியால் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் கம்பெனி, அடுத்தது சிப். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் குவால்காம் அதீரோஸ், 14சி3 என்றால் மீடியாடெக். இந்த எண் ஜோடியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழேயே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டிரைவர் ஏறிவிட்டது, கோளாறு வேறெங்கோ. இல்லையென்றால் டிரைவரே ஏறவில்லை.

பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியே இல்லாவிட்டால் எல்-எஸ்-யு-எஸ்-பி என்று அடித்துப் பாருங்கள், கார்டு யுஎஸ்பி வழியாக இணைந்திருக்கலாம். மிக மலிவான ஆட்டம் பிராசசர் பெட்டிகளில் வைஃபை சிப், மெமரி கார்டு போகும் எஸ்டிஐஓ பாதையில் இருக்கும். அது இரண்டு பட்டியலிலும் வராது. அதைப் பார்த்துவிட்டு வைஃபையே இல்லாத லேப்டாப்பை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, சு-டோ (நிர்வாகி அனுமதி) போட்டு டி-மெஸ்க் என்ற கட்டளை: எஸ்-யு-டி-ஓ, இடைவெளி, டி-எம்-இ-எஸ்-ஜி. இது கெர்னல் ஆன் ஆனதிலிருந்து பேசிய பேச்சு முழுவதும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை கழித்தல் 2 என்று இருந்தால் கோப்பு வட்டில் இல்லை என்று அர்த்தம். எந்தக் கோப்பு என்று பெயரையும் அதே வரியில் சொல்லியிருக்கும். நோய் தெரிந்துவிட்டது, மருந்துக் கடைக்குப் போவதுதான் பாக்கி.

பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்

ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல், இடைவெளி, லிஸ்ட். இதில் சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு என்று இரண்டு வரி வரும். இரண்டிலும் 'நோ' என்று இருக்க வேண்டும். சாஃப்ட்டில் 'எஸ்' என்றால், லிஸ்ட் என்பதற்குப் பதில் அன்பிளாக் ஆல் என்று அடித்தால் போதும். ஹார்டில் 'எஸ்' என்றால் கட்டளை எதுவும் உதவாது. கீபோர்டில் விமானப் படம் போட்ட விசையை அழுத்துங்கள். பழைய பெட்டியென்றால் முன் விளிம்பிலோ பக்கத்திலோ நகர்த்தும் பொத்தான் ஒன்று இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு நாள் லினக்ஸைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் மகள் அந்தப் பொத்தானைத் தள்ளிவிட்டாள்.

யார் சிப், என்ன வைத்தியம்

இன்டெல் இருந்தால் யோகம். டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் பொட்டலத்தைப் போட்டால் வேலை முடிந்தது. கார்டு புதிதாக இருந்தால் கெர்னலும் புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதீரோஸின் பழைய கார்டுகள் அதைவிடத் தங்கம். ஏத்9கே என்ற டிரைவர் ஓட்டும் பிசிஐ கார்டுகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய நெட்புக்கில் அது இருந்தால் அந்தப் பெட்டியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மீடியாடெக் எம்டி7921 கார்டுக்கு 2021இல் வந்த 5.12 கெர்னலிலிருந்து ஆதரவு உண்டு.

பிராட்காமில் கொஞ்சம் குழப்பம். சில சிப்களுக்குக் கெர்னலிலேயே திறந்த டிரைவர் இருக்கிறது. பிசிஎம்43142 போன்ற சிலவற்றுக்குக் கம்பெனி தந்த மூடிய டிரைவர்தான் கதி. உபுண்டுவிலும் மின்டிலும் அதன் பெயர் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ். மின்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே கண்டுபிடித்துக் காட்டும். நெட் இல்லாவிட்டாலும் நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகி வைத்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இங்கே கட்டளை அடித்து வீரம் காட்டத் தேவையில்லை.

இனி ரியல்டெக். மலிவு லேப்டாப்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆர்டிஎல்8821சிஇ என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் 5.2 கெர்னலில் ஆர்டிடபிள்யூ88 என்ற புது டிரைவர் வந்தது. இந்தச் சிப்புக்கு அதில் ஆதரவு வந்தது 5.9இல், அதாவது 2020இல். உபுண்டு 20.04 வெளியானபோது அதில் இருந்தது 5.4. ஆகவே அந்தக் காலத்தில் தனியாக டிரைவரை இறக்கி, டிகேஎம்எஸ் முறையில், அதாவது கெர்னல் மாறும்போதெல்லாம் தானே மறுபடி கட்டிக்கொள்ளும்படி, கட்டிப் போட வேண்டியிருந்தது. எப்படி என்று பலரும் எழுதி வைத்தார்கள். உபுண்டு 24.04 வெளியானபோதே அதில் இருந்தது 6.8 கெர்னல், அதில் எதுவும் செய்யாமலே இந்தச் சிப் வேலை செய்ய வேண்டும். ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பழைய குறிப்புகள்தான். அதைப் பார்த்துப் பழைய டிரைவரைக் கட்டிப் போட்டால், ஒரே சிப்புக்கு இரண்டு டிரைவர் மல்லுக்கட்டும். எந்தக் குறிப்பைப் பின்பற்றும் முன்பும் யு-நேம் கட்டளையை அடியுங்கள்: யு-என்-ஏ-எம்-இ, இடைவெளி, கழித்தல் குறி, ஆர். உங்கள் கெர்னல் எண் வரும். குறிப்பு எழுதிய வருடத்தையும் பாருங்கள்.

சித்தி மகன் விஷயமும் இதுதான். கல்லூரி நண்பன் கொடுத்த பென்டிரைவில் இருந்தது ஐந்து வருடப் பழைய பதிப்பு. ஒன்றரை மணி நேரம் போனில் மல்லாடிய பிறகுதான் யு-நேம் அடிக்கச் சொல்ல எனக்குத் தோன்றியது. புதுப் பதிப்பை இறக்கிப் பென்டிரைவில் ஓட்டினான், வைஃபை அதுவாகவே வந்து நின்றது. முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது நான்.

இந்தச் சிப்பில் இணைப்பு வந்தும் அடிக்கடி அறுந்தால், மின்சாரச் சேமிப்பு ஒரு காரணமாக இருக்கலாம். இடிசி கோப்புறைக்குள் மோட்ப்ரோப் புள்ளி டி என்று ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் புள்ளி கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, ஆர்-டி-டபிள்யூ-88 அடிக்கோடு பி-சி-ஐ, இடைவெளி, டிசேபிள் அடிக்கோடு ஏ-எஸ்-பி-எம், சமக்குறி, 1. பிறகு ரீஸ்டார்ட்.

இன்னொன்று ஆர்டிஎல்8723பிஇ. இதில் டிரைவர் ஏறும், பட்டியலும் வரும், ஆனால் ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்னல். கார்டில் ஆன்டெனா மாட்ட இரண்டு முனை இருக்கும். சில லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனா ஒயரைத்தான் மாட்டியிருப்பார்கள். டிரைவர் எதுவுமே மாட்டாத முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மேலே சொன்ன அதே மாதிரிக் கோப்பில் ஆப்ஷன்ஸ், ஆர்-டி-எல்-8723-பி-இ, அப்புறம் ஏ-என்-டி அடிக்கோடு எஸ்-இ-எல் சமக்குறி 2 என்று எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகவில்லையென்றால் 2ஐ 1 ஆக்கிப் பாருங்கள். ஒரு கோடு சிக்னல் முழுசாக ஏறுவதைப் பார்க்கலாம். அடுத்த அறைக்குப் போய்ப் பாருங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான்.

நீலத் திரை வந்தால் பதறாதீர்கள்

கெர்னலோடு வராத டிரைவரைப் போட்டால் செக்யூர் பூட் அதை உள்ளே விடாது, கையெழுத்து இருக்கிறதா என்று கேட்கும். உபுண்டு, மின்ட் போன்றவை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை எழுதி வையுங்கள். அடுத்த முறை ஆன் ஆகும்போது நீலத் திரை வந்து பத்து விநாடிதான் காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். டீ எடுத்து வரலாம் என்று எழுந்து போனால் திரை போய்விடும், டிரைவரும் ஏறாது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். வேலை நடக்கும்தான், ஆனால் இரண்டு நிமிட வேலைக்குப் பயந்து கதவைக் கழற்றி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விண்டோஸும் அதே மெஷினில் இருந்தால், அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது மெஷினை முழுதாக அணைப்பதில்லை. வைஃபை கார்டு அரைத்தூக்கத்தில் இருக்கும்போது லினக்ஸ் வந்து எழுப்பினால் எழாது.

எதுவுமே சரிவரவில்லையா, கார்டை மாற்றுங்கள்

இரண்டு ராத்திரிக்கு மேல் ஒரு சிப்போடு போராடாதீர்கள் என்பேன். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கும். வாங்கும்போது பெட்டி மேல் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற டாங்கிளின் முதல் பதிப்பில் இருந்தது அதீரோஸ் ஏஆர்9271. அதன் ஃபர்ம்வேர்கூடத் திறந்த மூலம். இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில், அதே தோற்றத்தில், உள்ளே ரியல்டெக். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பதிப்பு எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கடையில் நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பயரி டேட்டா தேடுற தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர்.

உள்ளே இருக்கும் கார்டையே மாற்றுவதென்றால் முதலில் அது கழற்றக்கூடியதா என்று பாருங்கள். பல சின்ன லேப்டாப்களில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள். கழற்றக்கூடிய கார்டு பழையவற்றில் அரை அளவு மினி பிசிஐஇ வகை, புதியவற்றில் எம்.2 வகையில் 2230 அளவு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனித்து இயங்கும் கார்டுகள். ஏஎக்ஸ்201 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் வேலையில் பாதியை இன்டெல் பிராசசரிடம் விட்டுவிடும், ஏஎம்டி பிராசசர் உள்ள மெஷினில் செத்த பிணம். பழைய திங்க்பேட் லேப்டாப்களில் இன்னொரு தொல்லை: ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டுகளை மட்டும்தான் ஏற்கும், மற்றதை மாட்டினால் 1802 என்ற பிழையோடு நின்றுவிடும்.

கழற்றும்போது பேட்டரியை முதலில் பிரித்துவிடுங்கள். கார்டின் மேல் கடுகளவு வட்ட முனைகள் இரண்டு, அதில் மெல்லிய ஒயர்கள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எது எதில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல், முனைக்கு அடியில் நகத்தைக் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது நேராக வைத்து விரல் நுனியால் அழுத்தினால் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். சத்தம் வராமல் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் முனை நசுங்கிவிடும். மே மாதத்தில் செய்தால் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், சென்னை வியர்வை போர்டில் சொட்டும்.

மூன்று சில்லறை விஷயங்கள்

இணைப்பு இருந்தும் மந்தமாக இருந்தால் உபுண்டு, மின்டில் இடிசி கோப்புறையில் இருக்கும் நெட்வொர்க்மேனேஜரின் கோப்புறைக்குள் வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று முடியும் கோப்பில் 3 என்ற எண்ணை 2 ஆக்குங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

லினக்ஸை விட்டு, பிஎஸ்டி என்ற வேறு இயங்குதளக் குடும்பத்தின் பக்கம் போக ஆசையா? ஓபன்பிஎஸ்டியில் எஃப்-டபிள்யூ அடிக்கோடு அப்டேட் என்ற கட்டளை உங்கள் சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேரைத் தானே இறக்கிப் போடும். அதற்கும் முதலில் நெட் வேண்டும், போன் டெதரிங் அங்கேயும் ஓடும். ஆனால் அங்கே ஆதரவு உள்ள சிப்கள் குறைவு. முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பிறகு மெஷினை வாங்குங்கள்.

பாஸ் லினக்ஸ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான லினக்ஸ் வகை அது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததால் நிறைய வீடுகளில் அந்தப் பெட்டி இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டினால், உள்ளே இருப்பதைப் பற்றி யோசிக்காமல் மேலே சொன்னபடி புதுப் பதிப்பு ஒன்றைப் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது மூன்றைச் சொல்லுங்கள்: சிப்பின் எண் ஜோடி, யு-நேம் சொன்ன கெர்னல் எண், டி-மெஸ்க்கில் ஃபர்ம்வேர் பற்றி வந்த வரி. இந்த மூன்றும் இருந்தால் பதில் ஐந்து நிமிடத்தில் வரும். சித்தி மகன் தன் லேப்டாப்பின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, பேனாவில் அந்த எண் ஜோடியை எழுதி வைத்திருக்கிறான். கீழே இன்னொரு வரியில், அவன் அம்மாவுக்காக, வீட்டு வைஃபை பாஸ்வேர்டும்.